எக்ஸ்சேஞ்சிலிருந்து மாடிப்படி அலமாரிக்கு: பிரிட்டன் தன் லேண்ட்லைனை இணையத்துக்கு மாற்றும் கதை

2006 நவம்பர். வேல்ஸில் கார்டிஃப் நகரை ஒட்டிய வென்வோ என்ற சின்ன ஊர். அங்கிருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் லைன்களைப் பழைய சுவிட்சிலிருந்து கழற்றி, இணைய நெறிமுறையில் ஓடும் புதிய கருவியில் மாட்டத் தொடங்கியது பிடி நிறுவனம், அதாவது பழைய பிரிட்டிஷ் டெலிகாம். வீட்டிலும் கடையிலும் இருந்தவர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே போன், அதே செம்புக் கம்பி, அதே டயல் டோன். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த வேலை இந்தப் பக்கம் தெரியாதபடிதான் திட்டமே போடப்பட்டிருந்தது.

அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பல வருடம் கழித்து அதே நாடு அதே மாற்றத்தை வேறு வழியில் செய்யப் போனது. இந்த முறை வேலை சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர், பல் மருத்துவர், லிப்ட் வைத்திருக்கும் கட்டடத்துக்காரர், திருட்டு அலாரம் மாட்டியவர் என்று எல்லாரும் தங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடமாற்றம்தான். குரல் எந்த வழியாகப் போகிறது என்பதை விட, போன் லைன் எங்கே முடிகிறது, அங்கே மின்சாரம் யார் பொறுப்பு என்ற கேள்விதான் இந்த விவகாரம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதல் முயற்சி

2004ல் பிடி அறிவித்த திட்டத்தின் பெயர் 21சிஎன், இருபத்தோராம் நூற்றாண்டு நெட்வொர்க். செலவு சுமார் 1,000 கோடி பவுண்ட் என்று சொல்லப்பட்டது. குரல், டேட்டா என்று தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த பல நெட்வொர்க்குகளை ஒரே ஐபி (இணைய நெறிமுறை) நெட்வொர்க்காக ஆக்குவது நோக்கம். போன்களைப் பொறுத்தவரை, எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு புதிய பெட்டி வரும். வீட்டிலிருந்து வரும் செம்புக் கம்பி அதில் முடியும். அதற்கு அப்பால் எல்லாம் ஐபி.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பிரிட்டனின் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளில் பெரும்பாலானவை 'சிஸ்டம் எக்ஸ்' என்ற உள்நாட்டுத் தயாரிப்பு. முதல் ஒன்று 1980ல் லண்டனில் வேலைக்கு வந்தது. மற்றவை எரிக்சனின் ஏஎக்ஸ்இ10. அதை அங்கே விளையாட்டாக 'சிஸ்டம் ஒய்' என்பார்கள். சிஸ்டம் எக்ஸைச் செய்த கம்பெனிகளின் வாரிசாக இருந்தது மார்கோனி. 2005ல் 21சிஎன் ஒப்பந்தங்கள் வெளியானபோது பட்டியலில் மார்கோனி இல்லை. சில மாதங்களில் அதன் பெரும்பகுதியை எரிக்சன் வாங்கியது. மிச்சமிருந்த சேவைப் பிரிவு டெலண்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. புதிய நெட்வொர்க்கில் இடம் கிடைக்காமல் மார்கோனி போனது. ஆனால் அதன் பழைய சுவிட்ச்சுகள் அப்புறமும் பல ஆண்டுகள் நாட்டின் போன்களைத் தாங்கிக்கொண்டிருந்தன.

டேட்டா பக்கம் 21சிஎன் நிறையவே கட்டப்பட்டது. குரல் பக்கம் மட்டும் கார்டிஃப் சோதனையைத் தாண்டி நாடு முழுக்கப் போகவில்லை. பணக் கணக்கில் பார்த்தால் அது புரியக்கூடியதுதான்: சிஸ்டம் எக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, லேண்ட்லைன் வருமானம் சரிந்துகொண்டிருந்தது. பழுதாகாத ஒன்றை மாற்றிவிட்டு, வாடிக்கையாளருக்கு அதே டயல் டோனைத் தருவதற்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

இரண்டாவது முறை

வயது யாரையும் விடாது. உதிரி பாகம் கிடைப்பது குறைந்தது. அந்த மெஷினைத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். 2017ல் பிடி மறுபடி அறிவித்தது: 2025 டிசம்பருக்குள் பழைய போன் நெட்வொர்க் மூடப்படும். அலுவலகங்கள் பயன்படுத்திய டிஜிட்டல் போன் லைனான ஐஎஸ்டிஎன்னும் அதோடு போகும். இது அரசு போட்ட சட்டம் இல்லை, தொழில்துறையின் முடிவு. கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் கணக்குப்படி சுமார் 1.4 கோடி லைன்கள் மாற வேண்டியிருந்தது.

சோதனைக்கு இரண்டு ஊர்கள். வில்ட்ஷயரில் சாலிஸ்பரி, சஃபோக்கில் மில்டன்ஹால். 2020 டிசம்பரில் சாலிஸ்பரியிலும் 2021 மே மாதம் மில்டன்ஹாலிலும் பழைய வகை லைன் விற்பனை நின்றது. 2023 செப்டம்பர் 5 முதல் நாடு முழுக்க நின்றது. இருக்கும் லைன் ஓடும், புதிதாகக் கிடைக்காது. 2024 மே மாதம் கடைசிக் கெடு 2027 ஜனவரி 31க்குத் தள்ளிப்போனது. ஏன் தள்ளினார்கள் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

முன்பு சொன்ன வென்வோ முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். இம்முறை எக்ஸ்சேஞ்சில் பெட்டி கிடையாது. உங்களிடம் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கிறது, ஃபைபரும் வந்துகொண்டிருக்கிறது, எனவே போனை உங்கள் ரவுட்டரின் பின்னால் செருகிக்கொள்ளுங்கள் என்பதுதான் வடிவம். சுமார் 5,600 எக்ஸ்சேஞ்சுகளில் ஏறத்தாழ 1,000 மட்டும் போதும், மற்றவற்றைப் பிற்பாடு மூடிவிடலாம் என்ற கணக்கும் இதோடு சேர்ந்தது. நிறுவனத்தின் பார்வையில் இதைவிடச் சிக்கனமான வடிவம் இல்லை.

'டிஜிட்டலுக்கு மாறுகிறோம்' என்று இதற்கு விளம்பரம் செய்தார்கள். அது கொஞ்சம் தப்பான பெயர். சிஸ்டம் எக்ஸ் காலத்திலேயே குரல் டிஜிட்டல் ஆகிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் நுழைந்ததும் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு 64 கிலோபிட் ஓடையாகத்தான் பயணம் செய்தது. அனலாக் மிச்சமிருந்தது கடைசி மைல் கம்பியில் மட்டும். இப்போது ஐபியில் பரவலாகப் பயன்படும் ஜி.711 கோடெக்கும் (குரலை எண்களாக்கும் முறை) அதே 64 கிலோபிட்தான். அன்றைக்கு அந்த ஓடைக்கென்று தனிப் பாதை ஒதுக்கியிருந்தார்கள். இன்று அது பாக்கெட்டாக வெட்டப்பட்டு, பக்கத்து மேஜைக்காரர் இறக்கும் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

அலுவலகத்தில் நடந்தது

பிரிட்டனின் சிறு, நடுத்தர அலுவலகங்களில் வழக்கமான ஏற்பாடு இப்படி இருந்தது: அலமாரிக்குள் ஒரு பிபிஎக்ஸ் பெட்டி (அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துவிடும் சிறு சுவிட்ச்), அதற்குள் வரும் ஐஎஸ்டிஎன் லைன், மேஜைக்கு மேஜை எக்ஸ்டென்ஷன். ஐஎஸ்டிஎன்2 என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கால், ஐஎஸ்டிஎன்30 என்றால் முப்பது வரை. இதை மாற்ற இரண்டு வழி. பெட்டியை வைத்துக்கொண்டு லைனை மட்டும் சிப் டிரங்க் ஆக்கலாம், அதாவது இணையம் வழியாக வரும் லைன். இல்லையென்றால் பெட்டியையே தூக்கிப்போட்டுவிட்டு, எங்கோ டேட்டா சென்டரில் ஓடும் பிபிஎக்ஸை மாத வாடகைக்கு எடுக்கலாம். பத்து பேர் அலுவலகத்துக்கு இரண்டாவதுதான் வசதி. கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே அலுவலக எண்ணில் பேச முடிந்தவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் ஏற்கெனவே போயிருந்தவர்கள்தான். நூறு எக்ஸ்டென்ஷன் உள்ள ஹோட்டல், ஒவ்வொரு அறையிலும் சாதாரண அனலாக் போன், சுவருக்குள் புதைத்த கம்பி என்றால் முதல் வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கணக்கு கஷ்டமில்லை. ஜி.711 நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரித் தலைப்பு. ஆக ஒரு காலுக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் 87ஐத் தொடும். பத்து கால் பேசினால் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஃபைபரில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் செம்புக் கம்பியில் ஓடும் பழைய ஏடிஎஸ்எல் பிராட்பேண்டில் உறைச் சுமை இன்னும் அதிகம், ஒரு கால் 100 கிலோபிட்டைத் தாண்டிவிடும். அப்லோடு 448 கிலோபிட் என்றால், நாலு பேர் பேசும்போது ஐந்தாமவர் எல்லாருடைய பேச்சையும் கெடுத்துவிடுவார். டவுன்லோடு வேகத்தைப் பார்த்துவிட்டு 'எங்கள் நெட் நல்ல நெட்' என்று கிளம்பிய இடங்கள் இடறியது அப்லோடில்தான். அப்புறம் தாமதம்: ஒரு பக்கத்துக்கு 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க', 'இல்ல, நீங்க சொல்லுங்க' என்று மாட்டிக்கொள்வார்கள்.

எதிர்முனை பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அங்கே போகவில்லை என்ற பிரச்சினை வந்தால் பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டர்தான். சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி அதில் இருக்கும். உதவி செய்கிறேன் என்று சிப் செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி, குரல் எங்கே போக வேண்டும் என்பதையே குழப்பிவிடும். அதை அணைத்துவிட்டுப் பேசிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

எண்ணைக் கொண்டுபோவதில் இருந்த பொறி இதைவிட மோசமானது. பிரிட்டனில் பெரும்பாலான பிராட்பேண்ட் அந்த போன் லைன் மேலேயே சவாரி செய்தது. எண்ணைப் புதிய நிறுவனத்துக்குப் போர்ட் செய்தால், அதாவது மாற்றினால், பழைய லைன் தானாகவே ரத்தாகும். லைன் ரத்தானால் அதன் மேல் இருந்த பிராட்பேண்டும் ரத்து. எந்த இணையத்தின் மேல் போன் ஓட வேண்டுமோ அந்த இணையம், போன் வந்து சேர்ந்த நாளிலேயே காணாமல் போகும்! சரியான வரிசை: முதலில் போன் இல்லாத தனி பிராட்பேண்ட் அல்லது ஃபைபர் வாங்கு, அது ஓடுவதைப் பார், அப்புறம் எண்ணை நகர்த்து, எண் வந்து சேரும் வரை பழைய லைனை ரத்து செய்யாதே. எண் நகரும் முன்பே லைனை ரத்து செய்தவர்கள் எண்ணையே இழக்கும் நிலைக்கு வந்தார்கள். கடைப் பலகையில், வேனின் பக்கவாட்டில் இருபது வருடமாக எழுதியிருக்கும் எண் அது.

கம்பியில் தொங்கியவை

ஆனால் மேலே சொன்னதெல்லாம் போனைப் பற்றியது. போனுக்குத் தீர்வு இருந்தது. அலுவலகங்களைத் திணறடித்தது, போன் என்று யாரும் நினைத்திராத மற்ற சாமான்கள். லண்டன் புறநகரில் கடையோ பெட்ரோல் நிலையமோ நடத்தும் நம் ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் பழக்கமானதாக இருக்கும்: திருட்டு அலாரம், பழைய கார்டு மெஷின், ஃபேக்ஸ், மாடி வீட்டுக்காரருக்கான கதவு இன்டர்காம். பெரிய கட்டடம் என்றால் தீ அலாரமும் லிப்ட்டுக்குள் இருக்கும் அவசர போனும் சேரும். இவற்றில் பலவற்றுக்குத் தனி லைன் இருக்கும். மாதாமாதம் பில் கட்டப்படும். எதற்கான லைன் என்று கடையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அலாரம் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதற்குப் போன் லைன் என்பது பேசும் வழி மட்டும் இல்லை. கம்பியில் எக்ஸ்சேஞ்ச் தரும் வோல்டேஜ் இருக்கிறதா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் போனால் யாரோ கம்பியை வெட்டிவிட்டார் என்று பொருள். திருடன் வந்தால் கண்காணிப்பு நிலையத்தை டயல் செய்து, தன் அடையாள எண்ணையும் நடந்ததையும் டோன்களாக அனுப்பும். அந்த டோன்கள் மிக வேகமானவை. மனிதக் குரலுக்கென்று செதுக்கிய பாதையில் ஒரு பாக்கெட் விழுந்துபோனால் செய்தி பாழ். ஃபேக்ஸுக்கும் இதே நோய். மனிதக் காது ஒரு சிறு இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஃபேக்ஸுக்கு டி.38 என்ற தனி ஏற்பாடு உண்டு, இரண்டு பக்கமும் ஒழுங்காக ஆதரித்தால் வேலை செய்யும். அலாரத்துக்கு அடாப்டர் மாட்டி ஒப்பேற்றுவதைவிட, ஐபியும் மொபைல் சிம்மும் சேர்ந்த இரட்டை வழிப் பெட்டிக்கு மாறுவதே சரி. பிடியின் சொந்த அலாரம் சேவையான ரெட்கேர் 2025 ஆகஸ்ட்டில் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது பலருக்கும் வேறு வழியும் இல்லாமல் போனது.

லிப்ட் போனில் இருப்பது இன்னும் கூர்மையான சிக்கல். மனிதர் லிப்ட்டில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கரண்ட் போகும்போதுதான். அந்த நேரத்தில்தான் ரவுட்டரும் அணைந்திருக்கும்.

கரண்ட்

நம் ஊரில் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்த காலத்தில், இருட்டு வீட்டில் லேண்ட்லைன் மட்டும் மணியடித்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் மாயம் எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் இருக்கும். அங்கிருந்து சுமார் 50 வோல்ட் அந்தச் செம்புக் கம்பியிலேயே வரும். போன் நிறுவனம் பேச்சோடு சேர்த்து மின்சாரத்தையும் தந்துகொண்டிருந்தது. பில்லில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது.

2021 நவம்பர் 26, 27ல் ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் அடித்தது. பத்து லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. மொபைல் கோபுரங்களும் சேர்ந்து அணைந்தன. 2022 பிப்ரவரியில் யூனிஸ் புயல் வந்தது. அடுத்த மாதம், தன் வீட்டு வாடிக்கையாளர்களை டிஜிட்டல் வாய்ஸ் என்ற இணைய வழி போன் சேவைக்கு மாற்றும் வேலையை பிடி நிறுத்திவைத்தது.

ஒழுங்குமுறை ஆணையமான ஆப்காம் 2018லேயே ஒரு வழிகாட்டுதல் தந்திருந்தது: லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி இருக்க வேண்டும். ஒரு மணி நேரம்! ஒரு வார இருட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் யூபிஎஸ் வாங்குவது பெரும்பாலும் அவரவர் வேலை.

ஆனாலும் தொழில்நுட்பமாகப் பார்த்தால், முழு ஃபைபர் இருக்கும் இடத்தில் இது தீர்க்கக் கூடிய சிக்கல்தான். எக்ஸ்சேஞ்சுக்கும் கட்டடத்துக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் எதுவும் இல்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், மேஜை போன்களுக்கு ஈதர்நெட் கேபிளிலேயே கரண்ட் தரும் சுவிட்ச், இந்த மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் போதும். சின்ன அலுவலகத்துக்கு அதிக வாட் ஆகாது. தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அதன் பிறகு செம்பு என்ற ஏற்பாட்டில் அந்தத் தெருப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், அது நம் கையில் இல்லை. மேஜை போனைத் தனித்தனி அடாப்டரில் சுவரில் செருகிவிட்டு, அலமாரியில் மட்டும் யூபிஎஸ் வைத்து 'பேக்கப் இருக்கிறது' என்று நம்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய லைனில் அவசர எண்ணான 999ஐ அழைத்தால் முகவரி தானாகத் தெரிந்தது, ஏனென்றால் கம்பி நகராது. ஐபி போனை ஊழியர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செருகினாலும் அது அலுவலக எண்ணாகவே பேசும். பதிவில் இருக்கும் முகவரியை யாராவது திருத்தாவிட்டால் ஆம்புலன்ஸ் பூட்டிய அலுவலகத்துக்குப் போகும்.

கெடு தள்ளிய காரணம்

பிரிட்டனில் சுமார் 18 லட்சம் பேர் டெலிகேர் கருவி வைத்திருக்கிறார்கள். கழுத்தில் ஒரு பொத்தான். கீழே விழுந்தால் அழுத்த வேண்டும். அது போன் லைன் வழியாக உதவி மையத்தைக் கூப்பிடும். திருட்டு அலாரம் போலத்தான் இதுவும், டோன் அனுப்பும் கருவி. லைன் மாறிய சில வீடுகளில் பொத்தான் அழுத்தியும் அழைப்பு போகவில்லை. 2023 டிசம்பரில் அரசு தலையிட்டது. டெலிகேர் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தாமல் யாரையும் கட்டாயமாக மாற்றுவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. சில மாதங்களில் 2025 என்பது 2027 ஆனது.

எந்த வீட்டில் டெலிகேர் இருக்கிறது என்பது போன் நிறுவனத்துக்குத் தெரியாது. உள்ளூராட்சிக்கும் பராமரிப்பு நிறுவனங்களுக்கும்தான் தெரியும். பட்டியலைப் பகிர்ந்துகொள்வதற்கே வருடங்கள் ஆயின. ஒரு கடையில் 'இந்த லைன் எதற்கு?' என்று கேட்டால் பதில் இல்லாதது போலவே, ஒரு நாட்டிடம் கேட்டபோதும் பதில் இல்லை. ஆகவே இந்த விவகாரத்தில் ஒரு தொழில் நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே வேலையை முதலில் செய்யச் சொல்வேன்: ஒவ்வொரு லைனையும் பில்லை வைத்து எண்ணி, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், மறுமுனையில் என்ன தொங்குகிறது என்று கண்ணால் பார்ப்பது. புதிய போனின் நிறம், ஆப், கால் ரெக்கார்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்.

பிழை முழுவதும் பிரிட்டனுடையது என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் இதே மாற்றத்தை 2020 வாக்கில் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. அங்கும் ஐஎஸ்டிஎன்னை விட மனமில்லாத தொழில் வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பு நிறைய இருந்தது. ஆனால் பிராட்பேண்ட் இல்லாமல் போன் மட்டும் வைத்திருந்த வீடுகளை, எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே ஒரு பெட்டி வைத்து, வாடிக்கையாளரின் போனைத் தொடாமல் மாற்றினார்கள். அதாவது வென்வோ முறை.

பிரிட்டனும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. 2024ல் ஓப்பன்ரீச் ஒரு இடைக்கால ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டெலிகேர் போன்றவற்றை நம்பியிருக்கும், இப்போதைக்கு மாற்ற முடியாத லைன்களுக்காக எக்ஸ்சேஞ்சில் ஒரு புதிய கருவி. செம்புக் கம்பி அதில் முடியும். அதற்கு அப்பால் ஐபி. வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் வரும். 2030 வரை இது கிடைக்கும் என்கிறார்கள்.